மிதியும் மீதியும்

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஹேண்டில்பாரில் கொடி, ஓயாத மணிச்சத்தம். கொஞ்ச காலத்துக்கு முன்புதான் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர்.

மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் 1991-இல் தொடங்கியிருந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்துப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். காரணம் எளிமையானது. பஸ் எப்போதாவது வந்துபோகும் ஊர்களில், பஸ் நிற்கும் இடத்துக்குப் போகவே ஒரு பெண்ணை அப்பனோ அண்ணனோ புருஷனோ கேரியரில் வைத்து மிதித்தாக வேண்டும். அந்த ஆளுக்கு வேலை இருந்தால், அல்லது மனம் இல்லாவிட்டால், பயணம் கிடையாது. படித்த எழுத்தை அவள் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவாள்? பெண் தொண்டர்களுக்காக யுனிசெஃப் 50 மொபெட் கொடுத்தது. ஆனால் ஊருக்குள் பரவியது சைக்கிள்தான். பதினெட்டு மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத்.

இதைப் பெண் விடுதலையின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தொழில் பொருளாதாரம் எங்கிருந்து வளர்கிறது என்று தேடுகிற ஒரு நூலுக்குள் இதை இழுத்து வருவதற்கு வேறு காரணம் உண்டு. எழுபது ஆண்டுகளாகப் பொருளியலாளர்களை அலைக்கழிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மான்செஸ்டரையோ டெட்ராய்ட்டையோ வைத்து அதைப் புரியவைக்க முயன்று பார்த்தேன். ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் ஓடும் ஒரு பழைய சைக்கிளை வைத்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு நாட்டின் உற்பத்தி கூடினால், ஒன்று ஆட்கள் கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரங்களும் கட்டடங்களும், அதாவது மூலதனம், கூடியிருக்க வேண்டும். இரண்டையும் அளந்து கழித்துவிட்டால் பூஜ்யம் வரவேண்டும் அல்லவா? 1956-இல் மோசஸ் ஆப்ரமோவிட்ஸ் அமெரிக்காவின் புள்ளிவிவரங்களை வைத்துக் கழித்துப் பார்த்தார். பூஜ்யம் வரவில்லை, மலைபோல மீதி நின்றது. அது நம் அறியாமையின் அளவு என்கிற பொருளில் அவர் எழுதியதைப் பொருளியல் மாணவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ராபர்ட் சோலோ அதையே இன்னும் கச்சிதமாகச் செய்தார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்த உற்பத்தி சுமார் இரண்டு மடங்கானது. அந்த உயர்வில் கூடுதல் இயந்திரங்களின் பங்கு எட்டில் ஒன்று. பாக்கி ஏழு பங்கும் மீதி! அதற்கு அவர் தொழில்நுட்ப மாற்றம் என்று பெயர் வைத்தார். பிற்பாடு 1987-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெயர் வைத்துவிட்டால் விளக்கிவிட்டதாக ஆகாது என்பது சோலோவுக்கே தெரிந்திருந்தது. மீதிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பிறகு வந்தவர்களின் வேலை.

சரி, சைக்கிளுக்கு வருவோம். முதலில் இயந்திரம்.

மனிதன் நடக்கும்போது உடம்பு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் எழும்பித் தாழ்கிறது. எடையைத் தாங்கி நிறுத்துவதற்கே தசைகள் கணிசமாக வேலை செய்கின்றன. சீட்டில் உட்கார்ந்ததும் எடையைச் சட்டகம் வாங்கிக்கொள்கிறது. உடம்பிலேயே வலுவான தொடைத் தசைகள் ஒரே சீராக வட்டம் போட்டால் போதும். பால்ரஸ் குண்டுகள் உராய்வைக் குறைக்கின்றன, காற்றடைத்த டயர் மேடுபள்ளத்தை விழுங்குகிறது. எஸ்.எஸ். வில்சன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1973-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: நடந்தால் ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகச் சுமார் 0.75 கிலோகலோரி செலவாகிறது. சைக்கிளில் சுமார் 0.15. ஐந்தில் ஒரு பங்கு! வேகமோ மூன்று நான்கு மடங்கு. பறவை, குதிரை, மீன், கார், விமானம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, இதைவிடச் சிக்கனமாக நகர்வது எதுவுமில்லை என்று முடித்தார்.

இப்போது ஒரு மனக்கணக்கு. கீரமங்கலத்தில் பூச்சந்தை. ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரிலிருந்து ஒரு பெண் கூடையில் பூ கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். போக வர இரண்டு மணி இருபத்துநான்கு நிமிடம். சைக்கிளில் மெதுவாக, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் மொத்தம் ஒரு மணி நேரம். மிச்சம் 84 நிமிடம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 420 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக வகுத்தால் 52 நாளுக்கு மேல். பூவுக்கு வெயில் ஏறுவதற்கு முன் ஒரு விலை, ஏறிய பின் ஒரு விலை. அதை நான் சேர்க்கவில்லை.

சோலோவின் முறையில் இதைப் பிரிக்கலாம். உழைப்பு கூடவில்லை, அதே பெண்தான். மூலதனம்? புதிதாக வாங்கியவர்கள் உண்டு, கடன் வாங்கியவர்களும் உண்டு. லேடீஸ் சைக்கிள் விற்பனை அந்தச் சமயத்தில் எகிறியது, கடைகளில் தட்டுப்பாடே வந்தது. ஆனால் எத்தனையோ வீடுகளில் சைக்கிள் முன்பே இருந்தது. காலையில் வயலுக்குப் போய்த் திரும்பிய வண்டி பகலெல்லாம் புளியமரத்தில் சாய்ந்து நின்றது. பெண்கள் அதையே எடுத்தார்கள். குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டியவர்களும் இருந்தார்கள், குழந்தையை உட்காரவைக்க அந்த பார் தோதாக இருந்ததாம். குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்களுக்கு அந்த பார் எத்தனை பெரிய மலை என்று தெரியும். புடவையைச் செருகிக்கொண்டு அதைத் தாண்டியது கூடுதல் மூலதனமா? இல்லை. ஆக, கிடைத்த நேரத்தில் பெரும்பகுதி கழித்தலில் எஞ்சும் மீதிக்குள்தான் விழுகிறது.

சரி, அந்த மீதிக்கு சோலோ வைத்த பெயர் இங்கே பொருந்துமா? தொழில்நுட்பத்தில் என்ன மாறியது? ஜான் கெம்ப் ஸ்டார்லி கோவென்ட்ரியில் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தது 1885. டன்லப் காற்று டயரைச் செய்தது 1888. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949. புதுக்கோட்டைத் தெருவில் 1992-இல் ஓடிய வண்டி அடிப்படையில் நூறு வயதைக் கடந்த ஒரு கருவி. அதில் ஒரு திருகுகூடப் புதிதாக முளைக்கவில்லை.

ஒரு கருவி பிறந்து, பலன் தர இத்தனை காலம் எடுப்பது நம் ஊர்ச் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். டைனமோவின் கதையைப் பாருங்கள். நமக்கு டைனமோ என்றால் பின் டயரை உரசிக்கொண்டு விளக்கெரிக்கும் குப்பி. இது அதன் பெரியப்பா.

நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் 1882-இல் வேலை செய்யத் தொடங்கியது. 1900 வாக்கில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்குவிசையில் மின்சாரத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்தை எட்டியிருக்கவில்லை. ஏன்? நம் ஊர்ப் பழைய ரைஸ் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மூலையில் ஒரு எஞ்சின். மேலே, சுவரோடு சுவராக நீண்ட இரும்புத் தண்டு. அதில் வரிசையாகக் கப்பிகள், ஒவ்வொன்றிலிருந்தும் கீழே ஒரு பெல்ட். நெல் அரைக்க ஒன்று, மாவுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. ஒரே ஒரு படி மிளகாய் அரைக்க வந்தாலும் தண்டு முழுவதும் சுற்றியாக வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க ஆலையும் பிரம்மாண்டமான ரைஸ் மில்தான். தண்டுக்குப் பக்கத்தில் எல்லா இயந்திரமும் இருக்க வேண்டுமென்பதற்காக மாடிமேல் மாடி கட்டினார்கள். எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை என்பதைப் பார்த்தல்ல, எது தண்டுக்குப் பக்கம் என்பதைப் பார்த்து இயந்திரங்களை நிறுத்தினார்கள்.

மின்மோட்டார் வந்ததும் முதலாளிகள் செய்தது என்ன? நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டு, பெல்ட், மாடி எல்லாம் அப்படியே. நிலக்கரிச் செலவில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். இயந்திரத்துக்கு ஒரு சின்ன மோட்டார் என்று பிரித்துவைக்கலாம் என்று பிடிபட்ட பிறகுதான் கூரைத் தண்டு போனது; தண்டு போனதும் மாடி தேவையில்லை; தரைத்தளத்திலேயே, வேலை நகரும் வரிசையில் இயந்திரங்களைப் போடலாம். 1920 வாக்கில் மின்சாரத்தின் பங்கு பாதியைத் தாண்டியது. அந்தப் பத்தாண்டில்தான் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் சரசரவென்று ஏறியது. எடிசன் விசையைத் திருகி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கணினி எங்கும் தெரிகிறதே, புள்ளிவிவரத்தில் மட்டும் ஏன் தெரியவில்லை என்று 1987-இல் சோலோ கேலியாகக் கேட்டபோது, பால் டேவிட் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1990-இல் இந்த டைனமோவைத்தான் பதிலாக எடுத்துக் காட்டினார்.

அதே காலத்தில் ஃபோர்டு தன் ஹைலண்ட் பார்க் கார்த் தொழிற்சாலையில் செய்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1913-இல் அங்கே ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. வேலையாள் நகராமல் வேலை நகரும்படி வரிசையை மாற்றியதில் அடுத்த ஆண்டே 93 நிமிடமாகக் குறைந்தது. ஃபோர்டின் தொழிற்சாலைக்குத் தாய்வீடுகளில் ஒன்று சைக்கிள் பட்டறை என்பது பலருக்குத் தெரியாது. தகட்டை அச்சில் அழுத்தி உறுப்புகள் செய்வது, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றிப் போடும்படி துல்லியமாக அறுப்பது, பால்ரஸ் குண்டுகளை லட்சக்கணக்கில் உருட்டுவது எல்லாம் 1890-களின் சைக்கிள் மோகத்தில் பரவிய வித்தைகள். 1896-இல் ஃபோர்டு செய்த முதல் வண்டி நான்கு சைக்கிள் சக்கரங்களின் மேல்தான் நின்றது.

இயந்திரம் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவே நல்ல சாட்சி. 1910 வாக்கில் உலகத்தின் பஞ்சாலைகள் பலவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இயந்திரங்கள் ஓடின. ஆனால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி செய்த வேலையைச் செய்ய இந்திய, சீன ஆலைகளில் கிட்டத்தட்ட ஆறு பேர் தேவைப்பட்டார்கள் என்று கிரெகரி கிளார்க் 1987-இல் காட்டினார். குறையைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதில் அவருக்கு அதிக ஆர்வம் என்பது என் எண்ணம். கூலி மலிவாக இருக்கும் இடத்தில், ஆறு பேரை நிறுத்துவது முதலாளிக்கு உறுத்தாது. வேலையை மாற்றி அடுக்க வேண்டிய நெருக்கடியே அவருக்கு வராது.

ஆக மீதிக்குள் இருக்கும் முதல் பொருள், வேலையின் அடுக்கு. இரண்டாவது பொருள், அந்த வேலையை யார் செய்யலாம் என்ற விதி. இதுதான் புதுக்கோட்டைக்கு நெருக்கமானது.

1960-இல் அமெரிக்க மருத்துவர்களிலும் வழக்கறிஞர்களிலும் நூற்றுக்கு 94 பேர் வெள்ளை ஆண்கள். 2010-இல் 62. திறமை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் பிறவியில் வருவதில்லை என்று ஒப்புக்கொண்டால், 1960-இல் நல்ல மருத்துவராகியிருக்கக்கூடிய எத்தனையோ பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்றாகிறது. அந்தக் கதவுகள் திறந்ததன் பலனை ஷே, ஹர்ஸ்ட், ஜோன்ஸ், கிளெனோ என்ற நால்வர் 2019-இல் மதிப்பிட்டார்கள். அந்த ஐம்பது ஆண்டுகளில் தலைக்குக் கிடைத்த உற்பத்தி வளர்ச்சியில் 20 முதல் 40 விழுக்காடு இதனால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. புது இயந்திரம் எதையும் கண்டுபிடிக்காமல் கிடைத்த வளர்ச்சி அது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஓர் உள்ளூர்க்காரர். 1886-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அதற்குப் புது பெஞ்சோ புது வாத்தியாரோ தேவைப்படவில்லை. மாறியது ஒரே ஒரு விதி. 1912-இல் அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் வந்தது. இந்த விதிமாற்றத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் மூலதனச் செலவு எழுதுவது?

சைக்கிளுக்கும் அப்படி ஒரு விதி இருந்தது, எழுதாத விதி. பொம்பளை சைக்கிள் மிதித்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அதன் சுருக்கம். ஒருத்தி மட்டும் மீறினால் கேலி; ஒரு ஊரே மீறினால் கேலி செய்ய ஆள் மிஞ்சாது. அதனால்தான் அறிவொளிக்காரர்கள் அதை இயக்கமாக நடத்தினார்கள். பயிற்சி, போட்டி, ஊர்வலம், பாட்டு. பொருளியல் மொழியில் சொன்னால், முதலில் மீறுபவர் கொடுக்கவேண்டிய விலையை எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே காலத்தில் புதுக்கோட்டையில் இன்னொன்றும் நடந்தது. கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே மாவட்ட நிர்வாகம் சில குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. அவர்கள் வருமானம் கூடியது. இதையும் உற்பத்தித்திறன் என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. அதே சுத்தியல், அதே பாறை, ஒரு நாளைக்கு உடைபடும் ஜல்லியும் ஏறத்தாழ அதேதான். காண்ட்ராக்டர் கைக்குப் போன பணம் உடைப்பவர் கைக்கு வந்தது. அது பங்கீடு, நியாயமான பங்கீடு. உற்பத்தித்திறனும் பங்கீடும் வேறு வேறு கணக்குகள், இரண்டையும் குழப்பினால் இரண்டுமே கெடும். ஆனால் குத்தகைக் காகிதத்தைப் படிக்கவும், எத்தனை லாரி லோடு போனது என்று எழுதி வைக்கவும், குவாரிக்குத் தானே போய்வரவும் அந்தப் பெண்களுக்கு அறிவொளியும் சைக்கிளும் கைகொடுத்தபோது இரண்டு கணக்கும் ஒரே முற்றத்தில் நின்றன.

சைக்கிள் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது? கொஞ்சம் சந்தைக்குப் போனது, பணமாக வந்தது. நிறையத் தண்ணீருக்குப் போனது. கேரியரின் இரு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வரும் பெண் அந்த மாவட்டத்தில் அன்றாடக் காட்சியானாள். 1880-களில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஓர் இல்லத்தரசி ஆண்டுக்கு 148 மைல் நடந்து 35 டன் தண்ணீர் சுமந்தாள் என்ற கணக்கை ராபர்ட் கார்டன் எடுத்துச் சொல்கிறார். அங்கே குழாய் வந்து அந்த நடையை ஒழித்தது. இங்கே குழாய் வரும்வரை சைக்கிள் அதைக் குறைத்தது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவள் பொறுப்பில் வந்து ஏறியதும் உண்மை. உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, நீயே போய்ட்டு வா என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்திருக்கும்.

இந்த வீட்டு வேலைகள் எதுவும் நடைமுறையில் நாட்டு வருமானக் கணக்கில் ஏறாது. கடையில் விற்ற லேடீஸ் சைக்கிள் ஏறும். பங்க்சர் ஒட்டிய காசுகூட, முறையாகப் பார்த்தால், ஏறும். குடத்தில் வந்த தண்ணீரும் மிச்சமான 84 நிமிடமும் ஏறாது. சோலோவின் மீதி பெரியது என்றேன். அந்த மீதிக்குள்ளும் அடங்காத மீதி இது.

பிற்காலத்தில் ஒரு பகுதி அளக்கப்பட்டது, புதுக்கோட்டையில் அல்ல, பீகாரில். அங்கே 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு அரசு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டிலும் 2000-களின் தொடக்கத்திலிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் வருகிறது. இன்று பள்ளி விடும் நேரத்தில் அறந்தாங்கிச் சாலையில் கூட்டமாகச் சைக்கிளில் வரும் பெண்பிள்ளைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் 1991-இல் புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி தண்ணீருக்கு எத்தனை நிமிடம் நடந்தாள், 1993-இல் எத்தனை நிமிடம் மிதித்தாள் என்று யாரும் கேட்டு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் மக்கள் நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு முதன்முதலில் கேட்டது 1998-99-இல், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் மட்டும். நாடு முழுவதும் கேட்டது 2019-இல்.